விடுபட்ட காணிக்கு எல்லை பிடித்துத் தந்த நில அளவையாளர்: மயிலிட்டியிலிருந்து ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணம் வலி. வடக்கில் (வலிகாமம் வடக்கில்) இராணுவம் பிடித்து வைத்திருந்த காணி விடுபட்ட உறவுக்காரர், பழைய அயலவர்கள் பலர் என்னிடம் போனில் கேட்பது, எல்லை பிடிக்க யாரைக் கூப்பிட்டீர்கள், எவ்வளவு எடுத்தார், நம்பலாமா என்பதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் பிடித்த நில அளவையாளர் யாழ்ப்பாண நகரத்தில் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்திருக்கிறார். கூட இரண்டு உதவியாளர்கள். பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இராணுவ முகாம்களின் ஓரத்தில் வேலை செய்கிறவர், அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. நேரில் கேட்பவர்களுக்குச் சொல்வேன். வேலை நல்ல வேலை. குறைகளும் உண்டு, அவற்றையும் எழுதுகிறேன்.

எங்களுடையது மயிலிட்டி. அம்மாவின் சீதன வளவு, உறுதியில் (காணிப் பத்திரத்தில்) ஆறு பரப்பு. பரப்பு என்பது எங்கள் பக்கத்துக் காணி அளவு, பத்துப் பேர்ச்சஸ் ஒரு பரப்பு. அப்பா காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் வேலை செய்தவர். 1990 ஜூன் 15ஆம் திகதி ஊரே வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டோம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் முழுவதும் பலாலி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. போர் முடிந்த பிறகும் விடவில்லை. 2013 ஏப்ரலில் வலி. வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக, காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் ஒட்டினார்கள். உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம். அந்த உரிமையாளர்கள் கோணாப்புலத்திலும் சுன்னாகத்திலும் மல்லாகத்திலும் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் இருந்தார்கள். அரசாங்கத்தின் நிவாரணப் பதிவிலேயே அவர்களின் பெயர் இருந்தது. 2,000 பேருக்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

2015இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடத் தொடங்கினார்கள். 2017 ஜூலை 3ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகம் விடுபட்டது. 2018 ஏப்ரலில் வலி. வடக்கில் 683 ஏக்கர். எங்கள் ஒழுங்கை அதற்குள் வந்தது.

விடுவிப்பு என்றதும் வெளியூரில் இருக்கிறவர்கள் வேறு எதையோ நினைக்கிறார்கள். என் தம்பி ரொறன்ரோவில் இருந்து, "வீட்டுக் கூரை எப்படி அக்கா இருக்கு?" என்று கேட்டான். கூரையா? சுவரும் இல்லை. கம்பி வேலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தது எல்லாம் ஒரே வெளி. வீடுகளை இடித்து நிரவியதில் வளவுக்கும் வளவுக்கும் இடையில் இருந்த வேலி, ஒழுங்கை, படலை ஒன்றும் மிச்சமில்லை. எந்தப் பற்றை எங்கள் பற்றை என்று நிற்கிற இடத்திலிருந்து சொல்ல முடியாது. இந்த நிலையில்தான் நில அளவையாளர் தேவைப்படுகிறார்.

எங்கள் மூல உறுதி இடப்பெயர்வில் தொலைந்துபோயிற்று. அது பெரிய தடை இல்லை என்பதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். நொத்தாரிசு உறுதி எழுதும்போது ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி இவற்றில் ஏதாவது தெரிந்தால் தேடி அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம். எங்களுக்கு இலக்கம் தெரியாது. ஆனால் அப்பாவின் ஒரு பழைய கடன் பத்திரத்தில் இந்தக் காணியை ஈடு வைத்த விபரம் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு தோம்பு (காணிப் பதிவேடு) பார்த்தோம். 1968இல் கீறிய நில அளவைப் படத்தின் பிரதியும் அந்த வழியில்தான் கிடைத்தது. இந்தப் படம் இல்லாவிட்டால் இனிச் சொல்லப்போகிற எதுவும் நடந்திருக்காது. ஆகவே நில அளவையாளரைத் தேடுமுன் படத்தைத் தேடுங்கள்.

இவரிடம் போவதற்கு முதல் இன்னொருவரிடம் விசாரித்தேன். அவர் யாரென்று சொல்லவில்லை. எங்கள் ஆறு பரப்பில் ஒரு பகுதி இன்னமும் கம்பிக்கு உள்ளே இருக்கிறது. அதைக் கேட்டதும் அவர், "உள்ளுக்குக் கிடக்கிறதைத் தொடாதேங்கோ, விட்ட துண்டுக்கு மட்டும் படம் கீறித் தாறன், கெதியில முடியும்" என்றார். செலவும் குறைவு. அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது, கெதியில் முடியும் என்ற வார்த்தை எங்களுக்குப் பெரிய வார்த்தை. இரண்டாவதாகப் போன இவரிடமும் அப்படியே செய்யலாமா என்று கேட்டேன்.

"ரீச்சர், உறுதியில ஆறு பரப்பெண்டு இருக்கு. நான் நாலேகாலுக்குப் படம் கீறித் தந்தா, மிச்சம் எங்க போனதெண்டு நாளைக்கு ஆர் சொல்லுறது?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்காகவே இவரை வைத்தேன். விட்ட துண்டுக்கு மட்டும் படம் கீறிய இடங்களில், பிறகு உறுதி எழுதும்போது அந்தப் படத்தின்படியே பரப்பைக் குறைத்து எழுதிவிடுகிறார்கள். கம்பிக்குள் கிடக்கிற பகுதி குடும்பத்தின் சொந்தக் கடதாசியிலேயே இல்லாமல் போகிறது. பிள்ளைகளின் கைக்கு அந்த உறுதி போகும்போது, உள்ளே ஒரு துண்டு இருந்தது என்பது வெறும் கதையாகிவிடும். கதையை வைத்து யாரும் காணி கேட்க முடியாது.

அளக்க வந்த அன்று வெயில் ஏறமுன்னரே வந்துவிட்டார்கள். உடனே கருவியை இறக்கவில்லை. பழைய படத்தைக் காரின் முன்மூடியில் விரித்து வைத்துவிட்டு அம்மாவிடம் போனார். அம்மா குடைக்குக் கீழே கதிரையில் இருந்தார். "ஆச்சி, கிணத்தடியில நிண்டா குசினி எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை, "இடக்கைப் பக்கம், மாதுளைக்கு அங்கால" என்றார். அப்புறம் ஒழுங்கை முடக்கு, வைரவர் கோவில், பக்கத்து வளவு மாமியின் கிணறு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அம்மா சொன்னதைப் படத்தோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் உதவியாளர்களைப் பற்றைக்குள் அனுப்பினார்.

கிணற்றை இடிபாடு போட்டு மூடியிருந்தார்கள். பற்றையை வெட்டிக் கல்லை ஒதுக்கியதும் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய வட்டம் அரைவாசிக்குத் தெரிந்தது. அதன் குறுக்களவைப் பிடித்து, நடுப்புள்ளியை நூல் கட்டிக் கண்டுபிடித்து, அதில் ஓர் இரும்புக் கம்பியை அறைந்தார்கள். 1968 படத்தில் எங்கள் கிணறு ஒரு சின்ன வட்டமாகப் போட்டிருக்கிறது, மாமி வீட்டுக் கிணறு இன்னொரு வட்டம். அந்தக் கிணற்றையும் இதே மாதிரித் தேடிப் பிடித்தார்கள். தரையில் இரண்டு புள்ளி நிச்சயமாகத் தெரிந்தால் பழைய படம் முழுவதையும் தரையில் சரியான திசையில் வைத்துவிடலாம் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். சரி, அந்தப் பொருத்தம் பிழைத்துவிட்டால்? அதற்கு மூன்றாவதாக ஒரு புள்ளி பார்த்தார். வைரவர் கோவிலின் அத்திவார மூலை மண்ணுக்குள் இருந்தது. பழைய படம் சங்கிலிக் கணக்கில் கீறியது, இவர் கருவி மீற்றரில் அளக்கிறது. மாற்றிப் பார்த்ததில் ஓரடிக்குள் பொருந்தியது.

மேற்கு எல்லையில் மூன்று கிளுவை மரம் வரிசையாக நின்றது. அப்பா வேலிக்கு நட்ட கதிகால்கள். புல்டோசர் படாத மூலை அது. முப்பது வருடத்துக்கு மேல் ஒருவரும் கொப்பு வெட்டாததால் தடித்து மரமாகிவிட்டன. எனக்கு அவற்றைக் கண்டதும் போதும், இதுதான் எல்லை என்று சொல்லத் தோன்றியது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மரம் சாய்ந்து வளரும், வேலி நட்டவர்கள் நூல் பிடித்து நட்டார்களோ தெரியாது, அதனால் மரத்தை ஆதாரத்துக்கு மட்டும் எடுப்பேன், கோட்டைப் படத்திலிருந்துதான் எடுப்பேன் என்றார். கோடு மரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே, எங்கள் பக்கமாக வந்தது. ஒரு சாண் போனாலும் அவர் செய்தது சரி. பக்கத்து வளவுக்காரர் ஒருவர் ஒழுங்கையை ஒரு யார் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டபோதும் இதே பதில்தான். முகம் கோணாமல் மறுத்தார்.

கம்பிக்கு அந்தப் பக்கம் காவலில் நின்ற சிப்பாய் கருவியைக் கண்டுவிட்டு வந்து என்னவென்று கேட்டார். இவர் அனுமதிப்பத்திரத்தைக் காட்டி, கம்பிக்கு வெளியே மட்டும் அளப்பதாகச் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார். சிப்பாய் போனில் யாரிடமோ கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். எங்களுக்குத்தான் நெஞ்சு இடித்தது.

இதில் ஒரு விசயம் சொல்ல வேண்டும். வடக்கில் நில அளவை என்றாலே சனங்களுக்குப் பயம். மண்டைதீவிலும் மாதகலிலும் கடற்படைக்குக் காணி சுவீகரிக்க அளக்க வந்தபோது ஊரவர்கள் வழி மறித்து நின்று திருப்பி அனுப்பினார்கள். அளக்கிற கருவி வந்தால் காணி போகும் என்பதுதான் எங்களுக்குப் பழக்கமான அனுபவம். அதே கருவியை எங்கள் காசில் எங்கள் காணிக்குக் கூப்பிடலாம் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. கூப்பிட வேண்டும்.

படம் வந்தபோது நான் முதலில் பார்த்தது கம்பிக்கு உள்ளே இருக்கிற பகுதியை. முழு ஆறு பரப்பும் ஒரே காணியாக இருந்தது. வெளியே அளந்த நாலேகால் பரப்பு முழுக் கோட்டில், உள்ளே இருப்பது புள்ளிக் கோட்டில். அந்தப் பகுதி பழைய படத்தின்படி கணித்தது, தரையில் அளக்கவில்லை, இராணுவ வேலிக்குள் இருக்கிறது என்று குறிப்பிலும் எழுதியிருந்தார். போகாத இடத்தை அளந்ததாகக் காட்டவில்லை, போக முடியாத இடத்தை இல்லை என்றும் காட்டவில்லை. மொத்தம் உறுதியோடு அரைப் பேர்ச்சஸ் வித்தியாசம். சங்கிலிக் காலத்து அளவுக்கு அது சகஜமாம். கம்பி எங்கள் காணியைக் குறுக்கே வெட்டுகிற இரண்டு இடத்திலும், எல்லைக்கோடு வேலியைச் சந்திக்கிற புள்ளியில் கொங்கிறீற்றுக் கட்டை நட்டிருந்தார். என்றைக்காவது வேலியை இன்னும் பின்னுக்குத் தள்ளினால் அந்தக் கட்டைகளில் நின்று நேரே கோடு பிடித்துக்கொண்டு போகலாம். இந்த யோசனை நான் கேட்காமல் அவராகச் செய்தது.

இனிக் குறைகள். படம் சொன்ன தவணைக்கு வரவில்லை. மாலையில் போன் எடுத்தால் எடுக்கவே மாட்டார், காலையில் ஏழு மணிக்கு முன் எடுத்தால் மட்டும் கதைப்பார். முதல் பிரதியில் எங்கள் காணியின் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் ஒரு பெயர் உண்டு, உறுதியில் உள்ள பெயரும் படத்தில் உள்ள பெயரும் ஓரெழுத்து மாறினாலும் பதிவில் இழுபடும். வடக்கு எல்லைக்காரரின் பெயரும் பழைய உரிமையாளருடையதாகவே இருந்தது. திருத்தித் தந்தார்கள், காசு கேட்கவில்லை. ஆனால் திருத்திய பிரதிக்கு மறுபடி காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே கையொப்பம் வைக்குமுன் வரைவுப் பிரதியைக் கேட்டு வாங்கி உறுதியோடு ஒவ்வொரு சொல்லாக ஒப்பிடுங்கள்.

செலவு எனக்கு ஒரு மாத ஓய்வூதியத்தில் பாதிக்கு மேல் போயிற்று. இத்தனைக்கும் பக்கத்து நான்கு வளவுக்காரர் சேர்ந்து பங்கிட்டோம். சேர்ந்து செய்தது செலவுக்காக மட்டுமில்லை. ஒழுங்கை பொதுவானது, ஒருவர் மட்டும் எல்லை பிடித்தால் நாளைக்கு மற்றவர் ஒத்துக்கொள்ள மாட்டார். நால்வரும் நின்று பார்த்துக் கையொப்பம் வைத்த எல்லை என்றால் சண்டைக்கு இடமில்லை. கனடாவில் இருக்கிற ஒருவர் வட்ஸ்அப் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வீட்டு வாசல் இருந்த இடத்தைக் காட்டச் சொல்லி உதவியாளரை அங்கும் இங்கும் நடக்க வைத்தார், அந்தப் பிள்ளையும் சலிக்காமல் நடந்தது.

மாமி வீட்டின் நிலைமை எங்களைவிடச் சிக்கல். காணி அவருடைய தகப்பனாரின் பெயரில், 1950களில் எழுதிய உறுதி. வாரிசுகள் ஏழு பேர், நான்கு நாட்டில். பிரிக்கப்படாத பங்கு. இத்தனை பேரும் ஒன்றுசேராமல் ஒன்றும் செய்ய முடியாது என்று பேசாமல் இருந்தவர்கள். நில அளவையாளர் சொன்னது என்னவென்றால், வெளி எல்லைக்குப் படம் கீற எல்லோரும் வரத் தேவையில்லை. முதலில் வெளி எல்லையை நிலைநிறுத்துங்கள். பங்கு பிரிப்பதை மரணச் சான்றிதழ்கள், அற்றோர்ணிப் பத்திரங்கள் (வெளியில் இருக்கிறவர்கள் தரும் அதிகாரப் பத்திரங்கள்) எல்லாம் சேர்ந்த பிறகு நொத்தாரிசோடு இருந்து பாருங்கள். இப்படி நிறையக் குடும்பங்கள் இருக்கின்றன. 1990இல் ஐம்பது வயதில் வெளிக்கிட்டவருக்கு இப்போது எண்பத்தைந்துக்கு மேல். இராணுவம் காணியை வைத்திருந்த காலத்தில் உரிமையாளர்கள் இறந்து வாரிசுகள் வந்துவிட்டார்கள், வாரிசுகளுக்கும் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நாள் போகப் போக நிரூபிக்க வேண்டிய கடதாசி கூடுகிறது, கிணறு எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடிய ஆட்கள் குறைகிறார்கள். அந்தச் சுமை முழுவதும் காணியை இழந்தவர்களின் தலையில் கிடப்பது அநியாயம். எடுத்தவர்கள்தான் அளந்து, கல் நட்டு, படத்தோடு கொண்டுவந்து தர வேண்டும். செம்மண்ணும் கல்லும் கலந்து கிடக்கிற வெளியைக் காட்டி ஏக்கர்க் கணக்கைச் சொல்லிவிட்டுப் போனால் அது திருப்பிக் கொடுத்ததாகாது.

படம் அவசரம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 மார்ச் 28ஆம் திகதி காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி வந்தது. வடக்கின் நான்கு மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கு மேல். மூன்று மாதத்துக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் அரச காணியாகும் என்றார்கள். எத்தனையோ பேரின் உறுதி எரிந்துபோனது, எத்தனையோ பேர் நாட்டிலேயே இல்லை. எதிர்ப்புக் கிளம்பி, ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எனக்கு அந்த மூன்று மாதமும் ஓயாமல் போன் வந்தது. பதிவகத்தில் பிரதி எடுத்து வைத்திருந்தவர்கள் கொஞ்சமாவது நித்திரை கொண்டார்கள். பக்கத்து ஊர் தையிட்டியில் தங்கள் காணியில் விகாரை கட்டப்பட்டுவிட்டது என்று போயா (பௌர்ணமி) நாட்களில் வந்து நிற்கிறவர்கள் கையில் வைத்திருப்பதும் உறுதியைத்தான்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு. தாமதத்துக்கும் பெயர்ப் பிழைக்கும் ஒன்றைக் குறைத்தேன். அளவிலும் நேர்மையிலும் குறைக்க ஒன்றுமில்லை. கம்பிக்குள் ஒரு துண்டாவது மாட்டியிருக்கிறவர்கள் கட்டாயம் இந்த மாதிரி ஒருவரைத்தான் பிடிக்க வேண்டும். வேறு ஒருவரை வைப்பதென்றால் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று நில அளவைச் சபையின் பட்டியலில் பாருங்கள். முழு உறுதிப் பரப்புக்கும் படம் கீறுவாரா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள், இழுத்தால் எழும்பி வாருங்கள்.

போகும்போது உறுதியின் அத்தாட்சிப் பிரதி, பழைய படம், பக்கத்து வளவுக்காரரின் உறுதி இலக்கங்கள், விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) பதிந்த கடிதம் இவ்வளவையும் கொண்டு போங்கள். வீட்டில் வயது போனவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் அவர்களோடுதான் முதலில் கதைப்பார். மாரி தொடங்கினால் பற்றை மண்டிவிடும், கிணற்றுக் கல்லும் தெரியாது, அந்த மாதங்களில் அவர் அந்தப் பக்கம் வேலை எடுப்பதில்லை. தைப்பொங்கல் முடியவிட்டுக் கூப்பிடுங்கள், காலை ஏழு மணிக்கு முன்.